கண் ஆராய்ச்சிக்குக் காவல் யார்?

ஆத்தங்குடியில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



கண் முகாம்களைப் பற்றியும் கண்புரை ஆபரேஷன்களைப் பற்றியும் நீங்கள் அநேகம் கேட்டிருக்கிறீர்கள். இன்று அவற்றை நான் பேசப் போவதில்லை. இப்படிப்பட்ட கூடுகைகளில் பெரியவர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். "டாக்டர், வைத்தியம் பண்ணுங்கள், பணம் தருகிறோம். ஆராய்ச்சி என்கிறீர்களே, அது எதற்கு? ஏழை ஜனங்களை வைத்துச் சோதித்துப் பார்ப்பதுதானே? அதை யார் மேற்பார்க்கிறார்கள்?"

இந்தக் கேள்வியைக் கேட்டால் சில மருத்துவர்களுக்குக் கோபம் வரும். வரக்கூடாது. கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு பகுதியாகப் பதில் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி ஏன் தேவை என்பது ஒன்று. அதற்குக் காவல் யார் என்பது மற்றொன்று.

முதலில், ஏன் தேவை? 1942-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் டெர்ரி என்ற கண் மருத்துவர் ஒரு புதிய நோயை விவரித்து எழுதினார். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் கண்ணுக்குள் விழித்திரை கெட்டுப்போய், பார்வை முற்றிலும் போய்விடுகிறது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகத்தில் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் இவ்விதமாகப் பார்வை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில், நல்ல கவனிப்பில் இருந்த குழந்தைகள் என்பதுதான் ஆச்சரியம். பின்னால்தான் காரணம் தெரிந்தது. சிசு பிழைக்கட்டும் என்று அன்போடு தாராளமாகக் கொடுத்த பிராணவாயுவே அவர்கள் கண்ணைக் கெடுத்திருந்தது.

ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் மருத்துவர் வாஷிங்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இதைச் சந்தேகித்தார். சோதித்துப் பார்க்க அரசாங்கத்திடம் பணம் கேட்டார். பிராணவாயுவைக் குறைத்தால் குழந்தைகள் செத்துப்போகும், இது தர்மம் அல்ல என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர் தம் சகோதரரிடம் கடன் வாங்கி அந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். இரவுப் பணியில் இருந்த நர்ஸுகள் சிலர், பாவம் இந்தக் குழந்தைக்குக் காற்றைக் குறைத்துவிட்டார்களே என்று மனம் இரங்கி, யாருக்கும் தெரியாமல் பிராணவாயுவைக் கூட்டிவிட்டுப் போனார்களாம். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இரக்கத்தினாலேயே செய்தார்கள். அந்த இரக்கம் எந்தப் பக்கம் இழுத்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய காரியம்.

பிறகு 1953-ல் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு பெரிய சோதனையைத் தொடங்கின. தீங்கு என்று சந்தேகம் இருந்தபடியால், அதிகப் பிராணவாயு கொடுக்கும் பகுதிக்கு மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளையே சேர்த்தார்கள். மூன்று மாதத்தோடு அந்தப் பகுதியை மூடியும்விட்டார்கள். 1954-ல் உண்மை வெளியானது. அதன் பிறகு இந்தக் குருட்டுத்தனம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் சில ஆஸ்பத்திரிகளில் பிராணவாயுவை மிகவும் குறைத்துவிட்டதால் வேறு குழந்தைகள் இறந்தார்கள் என்பதையும் பிற்காலத்து ஆய்வுகள் எடுத்துச் சொல்லின. எவ்வளவு கொடுத்தால் சரி என்பதை இன்றும் அளந்து அளந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தச் சம்பவத்தில் எனக்கு இரண்டு பாடங்கள் தெரிகின்றன. நல்ல மனதோடு செய்கிற வைத்தியத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது முதலாவது. சோதனைக்கு அனுமதி தருகிற இடத்தில் உட்காருகிறவர்களும் தவறக்கூடும் என்பது இரண்டாவது. ஆகவே அந்த இடத்தில் யார் யார் உட்காருகிறார்கள் என்பது சாதாரண விஷயம் அல்ல.

அமெரிக்காவில் அந்த இடத்தை எப்படி அமைத்தார்கள் என்று பார்ப்போம். அதற்குக் காரணம் உண்டு. அங்கிருந்து வந்த பணத்தில் நம் மதுரையிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1968 ஆகஸ்டு மாதம் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தினால் நேஷனல் ஐ இன்ஸ்டிடியூட் என்கிற தேசியக் கண் ஆராய்ச்சி நிறுவனம் உண்டாயிற்று. அதுவரை கண் ஆராய்ச்சி நரம்பு நோய்களுக்கான நிறுவனத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அந்த நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு கவுன்சிலையும் ஏற்படுத்தினார்கள். தேசியக் கண் ஆலோசனைக் கவுன்சில் என்று அதற்குப் பெயர்.

ஒரு விஞ்ஞானி மானியம் கேட்டு விண்ணப்பித்தால், முதலில் அதே துறையைச் சேர்ந்த நிபுணர்கள் அதைப் படித்து, விஞ்ஞான ரீதியில் தரமானதா என்று மதிப்பெண் போடுவார்கள். அது முதல் படி. அதன் பிறகு விண்ணப்பம் கவுன்சிலுக்கு வரும். ஜனங்களின் தேவைக்கு இது பொருந்துமா, முதல் பரிசீலனை நேர்மையாக நடந்ததா, மனிதரைப் பாதுகாக்கும் ஏற்பாடு சரியா என்று அவர்கள் பார்ப்பார்கள். இந்தக் கவுன்சிலின் பரிந்துரை இல்லாமல் பெரிய மானியம் எதையும் நிறுவனம் வழங்க முடியாது. சட்டப்படி வருஷத்துக்குக் குறைந்தது மூன்று முறை கூட வேண்டும். அங்கத்தினர் பதவி நான்கு ஆண்டு. ஒரு அங்கத்தினருடைய சொந்தக் கல்லூரியின் விண்ணப்பம் வந்தால், அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

இதிலே என் மனதைத் தொட்டது வேறொன்று. நியமிக்கப்படுகிற அங்கத்தினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பொதுமக்கள் சார்பில் வருகிறவர்கள். சட்டம், பொருளாதாரம், நிர்வாகம் போன்ற துறைகளைச் சேர்ந்தவர்களும் அதில் இருப்பார்கள். விழித்திரையைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவருக்குப் பக்கத்தில், அதைப் பற்றி ஒன்றும் படிக்காத ஒருவர் சம உரிமையோடு உட்காருகிறார்.

ஆத்தங்குடியில் இருந்துகொண்டு இதை விளக்க நான் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. செட்டிநாட்டு ஊர்களில் கல்யாணமான நகரத்தார் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வரி உண்டு. காரியக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வரவு செலவைச் சொல்லியாக வேண்டும். நம் சபைகளிலும் அப்படித்தான். கணக்கு எழுதுகிறவர் ஒருவர், தணிக்கை செய்கிறவர் வேறொருவர். எழுதுகிறவர் மேல் சந்தேகம் என்பதனால் அல்ல. அவருக்கும் அது பாதுகாப்பு.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணமும் இருக்கிறது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர வேண்டும் என்று வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். கொடுத்தவர் அதைத் தம் குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ளவில்லை. தேசத்தின் கையில் ஒப்படைத்தார். என்ன ஆராய்ச்சி நடக்கலாம் என்று ஆலோசனை சொல்ல அங்கேயும் வெளியார் அடங்கிய ஒரு குழு உண்டு.

இனி நம் பகுதிக் கண்களுக்கு வருவோம். அறுப்புக் காலத்தில் நெல் சுணை கண்ணில் படும். களை எடுக்கும்போது தோகை கீறும். கருவேல முள் குத்தும். உடனே தாய்ப்பால் விடுவார்கள், இலையைக் கசக்கிப் பிழிவார்கள். நான்கு நாள் கழித்துக் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளைப் புண் தெரியும். முற்றிப்போனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்கிறோம். மதுரை மாவட்டத்தில் 1993-ம் ஆண்டுக்குச் செய்த கணக்கில், லட்சம் பேருக்கு ஏறக்குறைய 113 பேர் அந்த ஒரு வருஷத்தில் கருவிழிப் புண்ணுக்கு ஆளானார்கள் என்று தெரிந்தது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் கண்ட அளவைப்போல் இது பத்து மடங்கு. 1994-ல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கண்ணில் அடிபட்டதே ஆரம்பம். கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, பூஞ்சைக் காளான்.

காளானுக்கு நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து உண்டு. பிறகு வோரிகோனசோல் என்ற புதிய மருந்து வந்தது. புதியது கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும், ஆகவே அதுதான் மேல் என்று நிபுணர்கள் பலர் எண்ணினார்கள். விலையும் அதிகம். ஏழை விவசாயி எதை வாங்குவது? ஊகித்துச் சொல்வதை விடச் சோதித்துச் சொல்வதே நியாயம். அமெரிக்கத் தேசியக் கண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மானியத்தில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிலையமும் அரவிந்த் மருத்துவமனையும் சேர்ந்து 2010, 2011-ம் ஆண்டுகளில் 323 நோயாளிகளிடம் சோதனை நடத்தினார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுப் போடுவது போல் முடிவு செய்தார்கள். நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

முடிவு 2013-ல் வெளியாயிற்று. பழைய மருந்தே சிறந்தது. புதியதைப் பெற்றவர்களுக்குப் பார்வை குறைவாகவே திரும்பியது. கருவிழி ஓட்டையாவதும், அவசரமாகக் கருவிழி மாற்றுவதும் அவர்களிடம் அதிகம். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் நாட்டமைசினைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் வயல்களிலிருந்து வந்தவர்களின் கண்கள் உலகம் முழுவதிலும் உள்ள விவசாயிகளுக்கு ஒரு பதிலைத் தந்தன.

சந்தோஷமான செய்திதான். ஆனால் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். அந்த 323 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குறைந்த பலனுள்ள மருந்து கிடைத்தது. அது குறைந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது என்பது உண்மை. அப்படியானாலும் அது அவர்களுடைய கண். அவர்கள் சார்பில் பேச யாராவது இருந்தாக வேண்டும் அல்லவா?

அதற்காகத்தான் பல கட்டுக் காவல். பணம் கொடுக்கும் தேசத்தில் அந்தக் கவுன்சில். நம் தேசத்தில், வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியை அனுமதிக்க மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு, ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதன் காரியங்களைக் கவனிக்கிறது. ஆராய்ச்சி நடக்கும் ஆஸ்பத்திரியில் நெறிமுறைக் குழு. இவை தவிர, பெரிய சோதனைகளுக்குப் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு என்று தனியாக ஒன்று உண்டு. ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்களுக்கு இது விளங்கும். நாளாகித் தண்ணீரில் ஊறிக் கெட்டிப்படுவதற்கு முன்னே கண்ணாடியைப் பெயர்த்தால் பூ வேலை கெட்டுப்போகும். அதுபோல ஆராய்ச்சி நடத்துகிறவர்களும் முடிவை இடையில் பார்க்கக்கூடாது. இந்தக் குழு மட்டும் பார்க்கலாம். ஒரு பக்கத்தாருக்குத் தீங்கு தெளிவானால் சோதனையை நிறுத்தச் சொல்லும் பொறுப்பும் அவர்களுடையது.

நம் தேசத்து வேலையையும் சொல்ல வேண்டும். 1911-ல் பிரிட்டிஷார் காலத்தில் தொடங்கிய ஆராய்ச்சி நிதிச் சங்கமே 1949-ல் ஐ.சி.எம்.ஆர். ஆனது. மத்திய சுகாதார மந்திரி அதன் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர். ஆராய்ச்சியின் போக்கைப் பற்றி ஆலோசனை சொல்ல விஞ்ஞானிகள் குழு உண்டு. டிரக்கோமா என்கிற தொற்றுக் கண் நோய் எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்று 1956 முதல் முன்னோடித் திட்டம் நடத்திப் பார்த்தது இதே கவுன்சில்தான். அதன் பயனாக 1963-ல் தேசிய டிரக்கோமா தடுப்புத் திட்டம் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் நடத்திய பார்வையிழப்புக் கணக்கெடுப்பைத் தொடர்ந்து, 1976-ல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. நீங்கள் அறிந்த இலவசக் கண்புரை முகாம்களுக்கு அரசு உதவி வருவது அந்தத் திட்டத்தின் மூலமாகத்தான். 2024 அக்டோபரில், டிரக்கோமா இந்தியாவில் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சனை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முதல் ஆராய்ச்சிக்கும் அந்த அறிவிப்புக்கும் நடுவே அறுபத்தெட்டு வருஷம்.

இப்போது உங்களைத் தொடுகிற பகுதிக்கு வருகிறேன். 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தலைவர் வெளியார். சட்டம் தெரிந்தவர் ஒருவர். ஒரு பெண்மணியாவது இருக்க வேண்டும். சமூகவியல் அறிஞர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, இறையியல் படித்தவர் போன்றோரில் ஒருவர். கடைசியாக, மருத்துவம் படிக்காத பொதுமனிதர் ஒருவர். ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன.

சட்டம் நாற்காலியைப் போட்டுவிட்டது. அதிலே தகுந்தவர் உட்காருகிறாரா, உட்கார்ந்தவர் வாயைத் திறக்கிறாரா என்பதே கேள்வி. பொதுமனிதராக வருகிறவர்கள் அநேகர் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். சுற்றிலும் பெரிய பெரிய டாக்டர்கள், கையில் நூறு பக்கக் காகிதம், புரியாத வார்த்தைகள். எல்லாம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படி நடந்தால் அந்த நாற்காலி காலியாக இருப்பதும் ஒன்றுதான்.

அவர் விஞ்ஞானம் பேச வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். சம்மதப் படிவத்தில் எழுதியிருப்பது எங்கள் ஊர் அம்மாவுக்குப் புரியுமா? படிக்கத் தெரியாதவருக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள்? பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்கிறது விதி. அந்தச் சாட்சி யார், ஆஸ்பத்திரி ஊழியரா? சேரமாட்டேன் என்று சொன்னால் வழக்கமான வைத்தியம் குறைவில்லாமல் கிடைக்குமா? பாதியில் விலகினால் யாராவது கோபித்துக்கொள்வார்களா? ஐந்து முறை வரச் சொல்கிறீர்களே, பஸ் கட்டணமும் போகிற நாள் கூலியும் யார் தருவார்கள்? சோதனையால் கண்ணுக்குக் கேடு வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு என்பதை அவரிடம் தமிழில் சொன்னீர்களா? இந்தச் சோதனை அரசாங்கத்தின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா? 2009 முதல் அது கட்டாயம். முடிவு நல்லதானாலும் கெட்டதானாலும் வெளியிடுவீர்களா? கடைசியாக, இதிலே கண்டுபிடிக்கிற மருந்தை இந்த ஜனங்கள் விலை கொடுத்து வாங்க முடியுமா?

இந்தக் கேள்விகளை ஒரு பேராசிரியரை விட, ஒரு தையல்காரரோ, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியையோ, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவரோ நன்றாகக் கேட்க முடியும். அந்த அம்மா எப்படிப் பயப்படுவாள், எதற்குத் தலையாட்டுவாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். டாக்டர் சொன்னால் சரி என்று கைநாட்டு வைப்பது நம் ஜனங்களின் வழக்கம். மிஷன் ஆஸ்பத்திரி என்றால் நம்பிக்கை இன்னும் அதிகம். அந்த நம்பிக்கையினாலேயே நாம் இருமடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது.

குழு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பாட்ஸை மறுத்தவர்களும் படித்தவர்கள்தான். அளவுக்கு மீறிப் பயந்து நல்ல ஆராய்ச்சியைத் தடுக்கிற குழுவும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கிற குழுவும் உண்டு. தூரத்துக் காவலை எக்காலத்திலும் நம்பியிருக்கவும் முடியாது. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு, தன் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வழியாக வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஆராய்ச்சிப் பணம் போய்க்கொண்டிருந்த பழைய முறையை நிறுத்துவதாகவும், வேறொரு முறையைக் கொண்டுவருவதாகவும் அறிவித்தது. அங்கே சட்டமும் திட்டமும் மாறலாம். நம் வயலில் நெல் சுணை கண்ணில் படுவது மாறாது. நம் ஆராய்ச்சிக்கு நம் பணமும் வேண்டும், நம் காவலும் வேண்டும்.

ஆகவே இரண்டு காரியங்களை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் தாங்குகிற எந்த ஆஸ்பத்திரியானாலும் சரி, அங்கே ஆராய்ச்சி நடந்தால், நெறிமுறைக் குழு இருக்கிறதா, அதிலே பொதுமனிதர் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கொடுக்கிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு. கேட்டால் மனவருத்தம் வருமோ என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

இரண்டாவது, உங்களில் யாரையாவது ஒருநாள் அந்தக் குழுவில் உட்கார அழைக்கக்கூடும். "ஐயா, நான் அவ்வளவு படிக்கவில்லையே" என்று சொல்லி ஒதுங்கிவிடாதீர்கள். படிக்காதவர் சார்பில் பேசத்தான் அழைக்கிறார்கள். போங்கள். காகிதத்தை முந்தின நாளே வாங்கி வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவர்கள் சொல்கிறவரைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நேரம் இருக்கிறது.